கூரஸ்: பழையது எது, பழையதுபோல் இருப்பது எது

ஆங்கில எழுத்தைப் பார்த்து வாசித்தால் 'கல்ராஸ்' என்றுதான் வாயில் வரும். ஊர்க்காரர்கள் 'கூரஸ்' என்கிறார்கள். நடுவில் நிற்கும் எல் எழுத்துக்கு அங்கே ஒலி கிடையாது. ஸ்காட்லாந்தின் ஃபைஃப் பகுதியில், ஃபோர்த் கழிமுகத்தின் வடகரையில் இருக்கிறது. டன்ஃபர்ம்லின் நகரத்திலிருந்து மேற்கே ஏழெட்டு மைல். குடியிருப்பவர்கள் நானூறு பேர் அளவில்தான். மேலே மடாலயம், கீழே கடல், இடையில் சரிவில் இறங்கும் கல் பாவிய சந்துகள். பெயர் நகரம் என்றாலும் அளவில் கிராமம். ஆனால் 1592-இல் அரச சாசனம் பெற்ற நகரம் என்பதால் சந்தைச் சிலுவையும் (சந்தை கூட்டும் உரிமையைக் காட்டும் கல்தூண்) நகர மன்றமும் சிறையும் உண்டு.

சுற்றுலா எழுத்துகள் எல்லாம் இந்த ஊரைப் பற்றி ஒரே வாக்கியத்தை எழுதுகின்றன: 'பதினேழாம் நூற்றாண்டில் காலம் அப்படியே நின்றுவிட்ட ஊர்.' இது சரியல்ல. இங்கே காலம் நிற்கவில்லை. ஊர் சிதைந்து, கூரை விழுந்து, பிறகு 1932 முதல் வீடு வீடாகத் தூக்கி நிறுத்தப்பட்டது. நீங்கள் பார்க்கும் பூச்சில் பெரும்பகுதி இருபதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஓடுகளில் பலவும் அப்படியே. இதைச் சொல்வது ஊரைக் குறைத்துப் பேச அல்ல. எந்தக் கல் பழையது, எந்தச் சாந்து புதியது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் கூரஸ் இரண்டு மடங்கு சுவாரசியமான ஊர். மஞ்சள் மாளிகை முன்னால் படம் எடுத்துக்கொண்டு திரும்புபவர்களுக்கு அது கிடைப்பதில்லை.

முதலில் காசு எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டும். நிலக்கரி. சிஸ்டர்சியன் என்னும் கத்தோலிக்கச் சபையின் துறவிகள் மேட்டில் தோண்டிக் கைவிட்ட சுரங்கத்தை 1575-இல் வணிகர் ஜார்ஜ் புரூஸ் குத்தகைக்கு எடுத்தார். நிலத்தடிக் கரிப்படுகை கடலை நோக்கிச் சரிந்தது. கரையோடு நின்றால் பாதிக் கரி கைக்கு எட்டாது. அதனால் அலைவெளியிலேயே, ஏற்றம் வந்தால் சுற்றிலும் தண்ணீர் சூழும் இடத்தில், கல்லால் வட்ட அரண் கட்டி அதற்குள் ஒரு குழி இறக்கினார். 'மோட் பிட்' என்று அதற்குப் பெயர். காற்றோட்டத்துக்குக் கரைக்குழியும் கடற்குழியும் சேர்ந்தே உதவின. வெட்டிய கரியைக் கரைக்கு இழுத்து வராமல், குழி வாயிலிலேயே கப்பலில் ஏற்ற முடிந்தது. சிக்கல் தண்ணீர்தான். கசிவு நிற்காது. மூன்று குதிரைகள் சுற்றும் சக்கரத்தில் 36 வாளிகள் கோத்த முடிவில்லாச் சங்கிலி. பதினெட்டு ஏறும், பதினெட்டு இறங்கும். கமலை இறைத்த கிணற்றைப் பார்த்தவர்களுக்கு இதன் வேலை உடனே புரியும். வேறுபாடு, இங்கே இறைப்பதை ஒரு நாள் நிறுத்தினாலும் சுரங்கம் போய்விடும்.

1617-இல் ஆறாம் ஜேம்ஸ் மன்னர் இதைப் பார்க்க வந்தார். கரையில் இறங்கி, கடலடிச் சுரங்கத்தில் நடந்து, குழி வழியே ஏறி வெளியே வந்தால் நாலு பக்கமும் தண்ணீர். 'சதி, சதி' என்று கத்தினார் என்பது ஊரார் விடாமல் சொல்லும் கதை. 1625-இல் ஒரு பெரும் புயல் அரணை உடைத்துச் சுரங்கத்தை நிரப்பியது. புரூஸும் அதே ஆண்டு இறந்தார். சுரங்கம் பிறகு பழைய நிலைக்கு வரவே இல்லை.

கரியோடு சேர்ந்தது உப்பு. விற்கத் தகாத பொடிக்கரியை எரித்துக் கடல் நீரைக் காய்ச்சினார்கள். கடல் நீரில் உப்பு நூற்றுக்கு மூன்றரைப் பங்கு. ஆக ஒரு டன் உப்புக்கு ஏறத்தாழ 30 டன் நீரை ஆவியாக்க வேண்டும். வெயில் காய்ச்சும் அளங்களையே பார்த்துப் பழகியவர்களுக்கு இது வீண்செலவாகத் தெரியும். அங்கே வெயிலை நம்ப முடியாது. வீணாகும் கரியோ மலையாய்க் கிடந்தது. மூன்றாவது தொழில் இரும்புக் கல் தட்டுவது. ஓட்ஸ் ரொட்டி சுடும் வட்டமான தட்டைக் கல்லை அங்கே 'கர்டில்' என்பார்கள். நம் தோசைக்கல்லின் ஒன்றுவிட்ட தம்பி. அதைச் செய்யும் தனியுரிமையை 1599-இல் மன்னர் கூரஸ் கொல்லர்களுக்குக் கொடுத்தார். பதினெட்டாம் நூற்றாண்டில் நீதிமன்றம் அந்த உரிமையைத் தள்ளியது; 1759-இல் தொடங்கிய கேரன் இரும்பாலை வார்ப்பிரும்பில் மலிவாக ஊற்றித் தள்ளியதும் கொல்லர் தொழில் ஒழிந்தது.

இந்த மூன்றும் போன பிறகு ஊரில் யாரிடமும் பழைய வீட்டை இடித்துப் புதிது கட்டக் காசில்லை. கூரஸ் பிழைத்ததற்குக் காரணம் ரசனை அல்ல, வறுமை.

மஞ்சள் மாளிகை

'கூரஸ் அரண்மனை' என்று பலகை சொல்கிறது. எந்த அரசரும் அதில் குடியிருந்ததில்லை. ஜார்ஜ் புரூஸ் தனக்காகக் கட்டிய வணிகர் வீடு அது. 'பெரிய விடுதி' என்பதுதான் பழைய வழக்கு. கட்டிய ஆண்டுக்குக் கல்லிலேயே சான்று உண்டு. கூரையிலிருந்து எட்டிப் பார்க்கும் மாடச் சன்னல்களின் முக்கோண முகப்பைப் பாருங்கள். முதல் கட்டடத்தில் 1597, உடன் ஜி.பி. என்ற எழுத்துகள். தனியாக நிற்கும் வடக்குக் கட்டடத்தில் 1611, ஆனால் எழுத்துகள் எஸ்.ஜி.பி. முன்னால் ஏறிய 'எஸ்' என்பது 'சர்'. இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகளில் சுரங்க முதலாளி பட்டம் வாங்கிவிட்டார், அதைக் கல்லில் அறிவிக்கவும் மறக்கவில்லை.

சன்னல்களின் மேல் பாதியில் மட்டும் ஈயப் பட்டையில் கோத்த கண்ணாடி, கீழ்ப் பாதியில் மரக்கதவு. அழகுக்காகச் செய்த வேலை இல்லை. கண்ணாடி விலை அதிகம். வெளிச்சம் மேலிருந்து வந்தால் போதும், காற்று வேண்டுமானால் கீழ்க்கதவைத் திறந்துகொள்ளலாம். அறைகள் சிறியவையாகவும் தாழ்வாகவும் இருப்பதைப் பார்த்து 'பணக்காரன் வீடா இது' என்று தோன்றும். ஃபோர்த் கரையின் குளிரில் பெரிய அறை என்பது எரிக்க எரிக்கச் சூடேறாத அறை. சுவர்களில் பால்டிக் கடல் நாடுகளிலிருந்து வந்த பைன் பலகை. கரி ஏற்றிப்போன கப்பல் வெறுமையாகத் திரும்பினால் கவிழும். அடிப்பாரமாக மரமும் தரைஓடும் கூரைஓடும் வந்தன.

உள்ளே அவசரப்படாமல் நிற்க வேண்டிய இடம், வளைந்த மரவிதானத்தில் உருவகப் படங்கள் வரைந்த அறை. பதினாறு படங்கள், ஒவ்வொன்றுக்கும் லத்தீன் வாசகமும் அதன் கீழ் விளக்கமும். 1586-இல் அச்சான ஓர் ஆங்கில உருவகப் படநூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரைந்தவை. எண்ணெய்ச் சாயம் அல்ல. சுண்ணப்பொடியைப் பசையில் குழைத்து அடிப்பூச்சு, அதன் மேல் பசையில் கரைத்த நிறப்பொடி. பசை தண்ணீரில் கரையும். கூரையில் ஓர் ஓடு நகர்ந்தால் போதும், ஒரு மழைக்காலத்தில் ஒரு படம் வழிந்துவிடும். காப்பதாக நினைத்து மேலே மெழுகோ வார்னிஷோ பூசினால் நிறம் கருத்துவிடும், எடுப்பதும் கடினம். இத்தகைய விதானம் உள்ள வீட்டில் முதல் பராமரிப்பு கூரை, இரண்டாவதும் கூரை. நிறம் வெளிச்சத்திலும் மங்கும். அதனால்தான் உள்ளே வெளிச்சம் மங்கலாக இருக்கிறது, ஃபிளாஷ் வேண்டாம் என்கிறார்கள்.

கணக்குப் புத்தகமும் காசும் வைத்த அறைக்கு மட்டும் கல் வளைவுக் கூரையும் இரும்புக் கதவும் போட்டிருக்கிறார். மரவீட்டின் நடுவில் தீப்பிடிக்காத ஒரு பெட்டி.

ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளை 1931-இல் தொடங்கியது. அடுத்த ஆண்டே இந்த மாளிகையை 700 பவுண்டுக்கு வாங்கியது. பெரிய சீரமைப்பு 1990-களின் முதல் பாதியில்தான் நடந்தது. இன்றைய காவிமஞ்சள் பூச்சு புதுப்பித்தது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டே பாருங்கள்.

கூரையைப் படிப்பது

ஊரின் மேல்பக்கச் சந்துகளில் ஏறி நின்றால் கூரைகள் கண்மட்டத்துக்கு வரும். முதலில் சரிவைக் கவனியுங்கள். ஓட்டுக் கூரைக்கு இவ்வளவு செங்குத்து தேவையே இல்லை. இவற்றில் பல முதலில் வேய்ந்த கூரைகள். தண்ணீர் தங்காமல் ஓட, வேய்ச்சலுக்குத்தான் 45 பாகையும் அதற்கு மேலும் வேண்டும். இன்னொரு சான்று புகைக்கூண்டில் இருக்கிறது. கூரைக்குச் சற்று மேலே, புகைக்கூண்டின் பக்கவாட்டில், ஒரு சில அங்குலம் துருத்திக்கொண்டு தட்டைக்கல் ஒன்று நிற்கும். அங்கே 'தாக் ஸ்டேன்' என்பார்கள், வேய்ச்சல் கல். வேய்ந்த கூரை ஓர் அடி கனம். அது புகைக்கூண்டைத் தொடும் இணைப்பில் மழை இறங்காமல் இந்தக் கல் குடைபிடிக்கும். மெல்லிய ஓடு வந்த பிறகு கல்லுக்கும் கூரைக்கும் இடையே வெற்றிடம் தெரிகிறது. அந்த இடைவெளிதான் காணாமல் போன வேய்ச்சலின் கனம்.

ஓடு, பேன்டைல். பக்கவாட்டில் பார்த்தால் படுத்த எஸ் வடிவம். பழைய அளவு ஏறத்தாழ 13½ அங்குல நீளம், 9½ அங்குல அகலம். பின்பக்க மேல்விளிம்பில் ஒரு குமிழ் இருக்கும். அதை ரீப்பரில் மாட்டித் தொங்கவிடுவார்கள். ஒன்றின் மேல் ஒன்று மூன்று அங்குலம் ஏறும். சிலேட்டுக் கூரையில் எந்த இடத்திலும் குறைந்தது இரண்டு அடுக்கு இருக்கும். பேன்டைலில் பெரும்பாலான இடத்தில் ஒரே அடுக்கு. எடை குறைவு, செலவு குறைவு, பாதுகாப்பும் குறைவு. காற்றோடு வரும் பொடிப் பனி இடுக்கில் நுழைந்துவிடும். அதற்காக அடிப்பக்கத்தில் முடி கலந்த சுண்ணாம்புச் சாந்தை வைத்து அடைப்பார்கள். அது உதிர்ந்தால் பரணில் பகல் வெளிச்சம் கோடுகளாகத் தெரியும். வீடு வாங்கப்போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

பல கூரைகளில் இறவாரத்தை ஒட்டிய இரண்டு மூன்று வரிசை மட்டும் சாம்பல் நிற சிலேட்டாக இருப்பதைக் காணலாம். ஓடு தட்டுப்பாடு என்று நினைக்க வேண்டாம். கூரை அடியில் சரிவு சற்றுத் தணிந்து வெளியே வளைகிறது. தணிந்த சரிவில் ஒற்றை அடுக்கு ஓடு ஒழுகும், இரட்டை அடுக்கு சிலேட்டு தாங்கும். தண்ணீரைச் சுவரிலிருந்து தள்ளி எறியவும் அந்த வளைவு உதவுகிறது. ஓடுகளை டச்சு நாட்டு இறக்குமதி என்று மொத்தமாகச் சொல்வது வழக்கம். முழுக்க அப்படியில்லை. கர்க்கால்டி அருகே லிங்க்டவுனில் 1714-இல் ஓட்டுச்சூளை வந்துவிட்டது. அதன் பிறகு உள்ளூர் ஓடும் கிடைத்தது. உறைபனி பட்டுப் பட்டு ஓடு செதில் செதிலாக உரியும் என்பதால், 1600-இல் ஏற்றிய ஓடு இன்றும் மேலே இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

முக்கோணச் சுவரின் ஓரம் படிப்படியாக ஏறுவது காக்கைப் படி. காக்கை உட்காரும் படி என்று பெயர். இந்தப் பகுதியின் சுவர்கள் ஒழுங்கற்ற கல்லால் கட்டியவை. சாய்வான ஓரத்தை நேர்க்கோட்டில் செதுக்கி முடிப்பதைவிட, சதுரக் கல்லைப் படியாக அடுக்குவது கொத்தனுக்கு எளிது. வேய்ச்சலின் ஓரத்தைக் காற்று தூக்காமலும் அது காக்கும். பலவீனமும் அங்கேதான். ஒவ்வொரு படியின் தலையும் மழையை ஏந்துகிறது. படிக்கும் படிக்கும் இடையே ஓர் இணைப்பு. படித்தலை வெளிப்பக்கம் சற்றுச் சாய்வாக இல்லாவிட்டால், அல்லது இணைப்பில் சாந்து போய்விட்டால், தண்ணீர் நேராகச் சுவரின் நடுவயிற்றுக்கு இறங்கும். உள்ளே மாடி அறையின் மூலையில் ஈரக்கறை தெரிந்தால் ஓடுகளைக் குறை சொல்வதற்கு முன் காக்கைப் படியின் இணைப்புகளைப் பாருங்கள். அடிப்படியைத் தாங்கும் முட்டுக்கல்லை 'ஸ்க்யூபுட்' என்பார்கள். சுருளோ முகமோ ஆண்டோ செதுக்கியிருப்பது பெரும்பாலும் அதில்தான்.

பூச்சு இல்லாத கல் அழகா?

இதில்தான் பலருக்குத் தவறு நேர்கிறது. கல் தெரிய நிற்கும் சுவர்தான் 'உண்மையான பழமை' என்று நினைத்து, பூச்சை உரித்தவர்கள் ஸ்காட்லாந்து முழுக்க உண்டு. ஒழுங்கற்ற கல்லில் கட்டிய சுவர் பூச்சுக்காகவே கட்டப்பட்டது. அடையாளம் எளிது: சன்னலைச் சுற்றியுள்ள செதுக்கிய கல், மற்றச் சுவரைவிட ஓர் அங்குலம் வெளியே துருத்தி நின்றால், அந்த ஓர் அங்குலம் பூச்சுக்காக விட்ட இடம். பூச்சு இல்லாமல் இப்படித் துருத்தி நிற்கும் வீடு, சட்டை கழற்றிய வீடு.

அந்தப் பூச்சின் பெயர் ஹார்லிங். பூசுவதில்லை, எறிவார்கள். நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்குக்குக் கூர்மணல் இரண்டரை முதல் மூன்று பங்கு. மேல் பூச்சடுக்குக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் வரையுள்ள பொடிக்கல்லும் சேரும். சிறிய கரணையில் அள்ளி, மணிக்கட்டை ஒரு சுழற்றுச் சுழற்றிச் சுவரில் அடிப்பார்கள். அடிக்கும் வேகத்தில் சாந்து கல்லின் பள்ளங்களுக்குள் இறுகும், இடையே காற்று தங்காது. மேற்பரப்பு சொரசொரப்பாக இருப்பதால் காயும் பரப்பும் கூடும். மழையும் காற்றும் மாறி மாறி வரும் கரையில் விஷயம் அதுதான்: நனைவதைத் தடுக்க முடியாது, சீக்கிரம் காயவிடலாம்.

கெடுவது எங்கே? முதல் தவறு, உலர்ந்த சுவரில் எறிவது. கல் சாந்தின் நீரை உறிஞ்சிவிடும், பூச்சு மாவாக உதிரும். முந்தின நாளே சுவரை நனைக்க வேண்டும். இரண்டாவது, ஒரே அடுக்கில் கனமாக ஏற்றுவது. ஓர் அடுக்குக்கு 10 மில்லிமீட்டர் சுற்றித்தான். பள்ளமான இடங்களைச் சிறு கல் சில்லுகள் செருகி முன்பே சமன் செய்ய வேண்டும், சாந்தால் நிரப்பக் கூடாது. மூன்றாவது, அவசரம். சுண்ணாம்பு காய்ந்து இறுகுவதில்லை. காற்றின் கரியமில வாயுவை மெல்ல உள்வாங்கி மறுபடி கல்லாகிறது. அதற்குக் கொஞ்சம் ஈரமும் நிறைய நாளும் வேண்டும். வெயிலும் காற்றும் நேரடியாகப் படாமல் ஈரச் சாக்கைத் தொங்கவிடுவார்கள். நான்காவது, பருவம். வெப்பம் 5 பாகைக்குக் கீழே போனால் வேலையை நிறுத்த வேண்டும். செப்டம்பருக்குப் பிறகு எறிந்த பூச்சை நவம்பர் உறைபனி பிடித்தால், உள்ளிருக்கும் நீர் பனிக்கட்டியாகி விரிந்து வசந்தத்தில் மொத்தமும் பாளமாக விழும்.

மேலே சுண்ணாம்பு நீர் அடிப்பது. பால் பதத்துக்கு மேல் கெட்டியாக இருக்கக் கூடாது. நாலைந்து கை, ஒவ்வொன்றும் ஒரு நாள் இடைவெளியில். அடிக்கும்போது கண்ணாடிபோல் ஒன்றும் தெரியாது, காய்ந்த பிறகே நிறம் வரும். அதைப் பொறுக்காமல் கெட்டியாகக் கரைத்து அடித்தால் செதில் செதிலாக வெடிக்கும். கூரஸின் மஞ்சளும் இளஞ்சிவப்பும் வெள்ளையும் எல்லாம் மண்காவியும் சுண்ணாம்பும்தான். மழையில் நனைந்தால் இரண்டு சாயல் கருத்து, காய்ந்ததும் மறுபடி வெளுக்கும். பிளாஸ்டிக் பெயின்ட் அப்படி மாறாது. மழை நாளில் போனால் எந்த வீட்டில் எது அடித்திருக்கிறது என்று தெருவிலிருந்தே சொல்லிவிடலாம்.

சிமென்ட் வந்ததும் சங்கடம் ஆரம்பித்தது. சிமென்ட் பூச்சு கடினம், அசையாது. சுவரோ வெயிலுக்கும் குளிருக்கும் அசையும். மயிரிழை விரிசல் விழும். அதன் வழியாக நீர் உள்ளே போகும். வெளியே வர வழியில்லை. உள்ளே இருக்கும் பழைய சுண்ணாம்புச் சாந்து கரைந்து போகும், சுவரில் செருகிய உத்தரத்தின் நுனி மக்கும். பூச்சைத் தட்டிப் பார்த்தால் வெற்றோசை கேட்கும். கல் இணைப்புகளுக்குச் சிமென்ட் வைத்த சுவரில் இன்னும் கொடுமை: ஈரம் இணைப்பு வழியே போக முடியாமல் மணற்கல் வழியே போகிறது, கல்லின் முகம் பொரிந்து உதிர்கிறது. சில பத்தாண்டுகளில் கல் உள்வாங்கி, சிமென்ட் கோடுகள் மட்டும் தேன்கூடுபோல் துருத்தி நிற்கும். கடலோரத்தில் உப்பும் சேர்வதால் இது வேகமாக நடக்கும்.

அறக்கட்டளை 1960-இல் 'சிறு வீடுகள்' திட்டத்தைத் தொடங்கியதற்கு முன்பே கூரஸில் இந்தப் பாடங்கள் ஆரம்பமாகியிருந்தன. திட்டத்தின் கணக்கு எளிமையானது: சிதைந்த வீட்டை வாங்கு, சீர்செய், குடியிருக்க விற்பனை செய், வந்த பணத்தில் அடுத்த வீட்டை வாங்கு. விற்பனைப் பத்திரத்திலேயே வெளித்தோற்றத்தை மாற்றக் கூடாது என்ற நிபந்தனை ஏறிவிடும். அருங்காட்சியகமாக்கியிருந்தால் ஊர் செத்திருக்கும். இப்போது அந்தக் கதவுகளுக்குப் பின்னால் ஆட்கள் குடியிருக்கிறார்கள் என்பதை, சன்னலில் மூக்கை ஒட்டிப் பார்க்கும் விருந்தினர்கள் நினைவில் வைத்தால் நல்லது.

நிலைக்கல்லில் ஆண்டைக் கண்டு ஏமாறுவதும் உண்டு. வாசல் நிலையின் மேற்கல்லில் இரண்டு ஜோடி முதலெழுத்துகளும் ஓர் ஆண்டும் இருந்தால், அது பெரும்பாலும் கணவன் மனைவி பெயர்கள். ஸ்காட்லாந்தில் பெண்கள் மணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயரைச் சட்டப்படி வைத்திருந்ததால் இரண்டாவது ஜோடியின் கடைசி எழுத்து வேறாக இருக்கும். அந்த ஆண்டு மணமான ஆண்டாக இருக்கலாம், வீட்டை விரிவாக்கிய ஆண்டாக இருக்கலாம்; கட்டிய ஆண்டு என்று உறுதி இல்லை. கல் வேறு வீட்டிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். 1673 ஆண்டு பொறித்த மூக்குப்பொடி வியாபாரி வீட்டில் 'யார்தான் இதை நினைத்திருப்பார்' என்ற பொருளில் ஸ்காட்ஸ் மொழியில் ஒரு வரி இருக்கிறது. பொடி விற்றே வீடு கட்டியவரின் குறும்பு.

சந்துகளில் நடக்கும்போது கீழேயும் பாருங்கள். உருளைக்கல் பாவிய தெருவின் நடுவில் தட்டைக்கல் வரிசை ஒன்று மேடாக ஓடும். 'க்ரௌன் ஓ த காஸி', தெருவின் முடி. மழைநீரும் கழிவும் இரண்டு ஓரமும் ஓட, மேட்டில் நடந்தவர்கள் ஊர்ப் பெரியவர்கள். மற்றவர்கள் ஒதுங்கி ஓரத்தில். ஈரமான நாளில் உருளைக்கல் வழுக்கும். ரப்பர் அடியுள்ள செருப்பு இல்லாமல் பேக் காஸ்வே என்ற சந்தில் இறங்க வேண்டாம்.

சந்துகள் கூடும் சதுக்கத்தில் சந்தைச் சிலுவை. அடியிலுள்ள படிகள் பழையவை. தண்டும் உச்சியில் நிற்கும் ஒற்றைக்கொம்புக் குதிரையும் 1902-இல் வைத்தவை. படம் எடுப்பவர்கள் புதியதைத்தான் எடுக்கிறார்கள். அதன் எதிரே 'ஸ்டடி' என்னும் வீடு, சுமார் 1610. கோபுரத்தின் உச்சி அறை, அடிக்கோபுரத்தைவிட அகலமானது. ஒவ்வொரு வரிசைக் கல்லும் கீழ்வரிசையைவிட ஓரிரு அங்குலம் வெளியே நீண்டு அந்த அகலத்தைத் தாங்குகிறது. கீழே தெரு குறுகல், மேலே இடம் தாராளம். நிலத்தை விழுங்காமல் வானத்தில் ஓர் அறை. சன்னலிலிருந்து கழிமுகம் முழுக்கத் தெரியும், வரும் கப்பலை எண்ணலாம். டன்பிளேன் பிஷப்பாக இருந்த ராபர்ட் லெய்டன் அங்கே அமர்ந்து படித்தார் என்பதால் இந்தப் பெயர் என்பார்கள்.

கீழே கடற்கரைச் சமதளத்தில் நகர மன்றம். உடல் 1626, கோபுரம் 1783. இரண்டும் ஒரே கட்டடமாகத் தோன்றினாலும் நூற்றைம்பது ஆண்டு இடைவெளி. முகப்பில் இருபுறமும் ஏறும் வெளிப்படிக்கட்டு. கீழ்த்தளம் சிறை, மேல்தளம் மன்றம், கூரைக்கடியில் சூனியக்காரிகள் என்று குற்றம் சாட்டப்பட்ட பெண்களை அடைத்து வைத்த பரண். அந்தப் பரணை நினைத்தபடி மணிக்கூண்டை ரசிப்பது கடினம்.

மேட்டு மடாலயத்துக்கு ஏறுவது மூச்சு வாங்கும், தவறவிடக் கூடாது. ஃபைஃப் பிரபு மால்கம் 1217-இல் நிறுவினார். கின்லாஸிலிருந்து சிஸ்டர்சியன் துறவிகள் வந்தார்கள். தெற்கே நிலம் சரிந்து இறங்குவதால் உணவுக்கூடமும் படுக்கைக்கூடமும் வளைவுக் கூரையுள்ள அடித்தளங்களின் மேல் நின்றன. இன்று மிஞ்சியிருப்பவை பெரும்பாலும் அந்த அடித்தளங்கள். தேவாலயத்தின் கோபுரம் ஏன் இப்படி ஒரு முனையில் நிற்கிறது என்று குழம்புவீர்கள். மடத்தில் உடலுழைப்புக்கென்றே சேர்ந்த உழைப்புச் சகோதரர்கள் குறைந்துபோக, 1500-ஐ ஒட்டி மேற்குப் பாதியைக் கைவிட்டார்கள். துறவிகளின் பகுதியையும் அவர்களின் பகுதியையும் பிரித்த தடுப்புச்சுவர் இருந்த இடத்தில் மடாதிபதி ஆண்ட்ரூ மேசன் கோபுரத்தை எழுப்பினார். ஆக இன்று நீங்கள் நுழையும் வாசல், ஒரு காலத்தில் கட்டடத்தின் நட்டநடு. கிழக்குப் பாதி 1633-இல் ஊர்த் தேவாலயமானது, இன்றும் வழிபாடு நடக்கிறது. 1905-இல் ரோவண்ட் ஆண்டர்சன் செய்த சீரமைப்பின் கை உள்ளே பல இடங்களில் தெரியும்.

வடபுறத்துச் சிற்றறையில் ஜார்ஜ் புரூஸின் கல்லறை. அவரும் மனைவி மார்கரெட் பிரிம்ரோஸும் வெண்மையான அலபாஸ்டர் கல்லில் படுத்திருக்க, எதிரே மூன்று மகன்களும் ஐந்து மகள்களும் மண்டியிட்டிருக்கிறார்கள். உடையின் கழுத்துச் சுருக்கு மடிப்பை மட்டும் பத்து நிமிடம் பார்க்கலாம். அண்ணன் மகன் எட்வர்ட் 1613-இல் நெதர்லாந்தில் ஒரு வாள்சண்டையில் இறந்தார். அவருடைய இதயம் வெள்ளிப் பேழையில் இங்கே புதைந்திருந்தது 1808-இல் தெரியவந்தது.

கையில் இன்னும் ஒரு மணி நேரம் இருந்தால் மேற்கே காட்டுவழியில் பழைய தேவாலய இடிபாடும், 1645 கொள்ளைநோயில் இறந்த மூன்று குழந்தைகளின் தனிக் கல்லறையும் உண்டு. மழைக்குப் பின் சேறு கணுக்காலுக்கு வரும்.

போகிறவர்களுக்கு: மாளிகைக்குக் கட்டணம் உண்டு, குளிர்காலத்தில் அடைத்திருக்கும் நாட்கள் உண்டு, அன்றைய நேரத்தை அறக்கட்டளையிடம் உறுதிசெய்துகொண்டே கிளம்புங்கள். மடாலய இடிபாட்டுக்குக் கட்டணம் இல்லை. கார் ஊருக்குள் நுழையத் தேவையில்லை. ஊர் தெற்கு நோக்கியது என்பதால் முகப்புகளுக்கு நடுப்பகல் வெளிச்சம் நேராக விழும். செதுக்கிய எழுத்துகளை வாசிக்க வேண்டுமானால் பக்கவாட்டில் வெயில் விழும் காலையோ மாலையோ நல்லது. கீழிருந்து தொடங்கினால் மடாலயம் வருமுன் களைத்துவிடுவீர்கள்; மேலேயிருந்து இறங்கி வாருங்கள்.

ஊரையும் கடலையும் பிரித்துக்கொண்டு 1906-இல் போட்ட ரயில்பாதை ஓடுகிறது. கரி ஏற்றிய ஊர் இன்று கடலுக்கு முதுகு காட்டி நிற்பதுபோல் தெரிவதற்கு அதுதான் காரணம். பாதையைத் தாண்டிப் பழைய கல்துறைக்குப் போகலாம். கடல் முழுக்க வற்றிய நேரத்தில், அலையட்டவணை பார்த்துப் போனால், சேற்றுவெளியில் கிடக்கும் கற்குவியல் கண்ணில் படும். அதுதான் மோட் பிட்டின் அரண். ஆறு மணி நேரத்தில் தண்ணீர் அதை மூடிவிடும்.